மாற்று வேட்பாளர் பரிமளா

ஒன்றிய அலுவலகத்தில் தேர்தல் அதிகாரி அந்தக் கைநாட்டை முதலில் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்க இது?"

"கைநாட்டுங்க சார்," என்றார் தர்மராஜ்.

"ரேகை எங்க? உருளைக்கெழங்க நறுக்கி மசியில தொட்டு ஒத்தி எடுத்த மாதிரி இருக்கு. ஒரு கோடு கெடையாது."

"அந்தப் பொம்பள முந்திரிக்கொட்ட ஒடைக்கிறவ சார். விரல்ல ரேகை அழிஞ்சு போயிருக்கும்."

"இருக்கலாம். ஆனா இது வாபஸ் மனு. நாளைக்கே அந்தம்மா வந்து நான் கைநாட்டு வெக்கவே இல்லன்னு சொன்னா நான் எதக் காட்டுவேன்? நேர்ல கூட்டிட்டு வாங்க. மூணு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பெருங்கொல்லை பதினாலு கிலோமீட்டர். தர்மராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் வீரமுத்து, முதலாளி முகத்தைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

"எங்கங்க போவணும்?"

"கொட்டாய்க்கு. உம் பொண்டாட்டியத் தூக்கியாரணும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. பத்து வருடத்துக்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் வந்திருந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் சுவரில் சுண்ணாம்பு அடித்து, யார் பெயரை எழுதுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருங்கொல்லையில் மட்டும் ஒரு சுவரும் வெளுக்கவில்லை. அந்த ஊரில் தலைவர் பதவிக்கு யாரும் ஓட்டுப் போட்டதே கிடையாது. தர்மராஜின் அப்பா தலைவராக இருந்தார். அவருக்குப் பிறகு தர்மராஜ். இரண்டு பேரும் போட்டியில்லாமல் வந்தவர்கள். சட்டமன்றத்துக்கு நிற்கிறவர்களும் தர்மராஜ் வீட்டில் காப்பி குடித்து, "ஊரு ஓட்ட நம்ம பக்கம் திருப்பி வுட்ருங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

இந்த முறை பெருங்கொல்லையைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஆம்பளை வந்து உட்கார்ந்தான். தர்மராஜின் மனைவி செல்வம்மாள் தலைவர், எதிர்த்து யாரும் நிற்பதில்லை என்று முடிவாயிற்று. எரியும் சூடத்தை ஒவ்வொருவனும் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். செல்வம்மாள் அப்போது வீட்டில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். ஊர் அவளைத் தலைவராக்கிய செய்தி அவளுக்கு மறுநாள் காலையில்தான் தெரியும்.

தர்மராஜ் எதையும் இரண்டாகச் செய்கிறவர். கிணற்றுக்கு இரண்டு மோட்டார், தோப்புக்கு இரண்டு காவல். செல்வம்மாள் மனு ஏதாவது பிழையாகித் தள்ளுபடி ஆனால் என்ன செய்வது? மாற்று வேட்பாளராக இன்னொரு மனு போட்டு, பிறகு வாபஸ் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தார். எழுதப் படிக்கத் தெரியாத, நம் சம்பளத்தில் இருக்கிற, வாய் பேசாத பொம்பளையாகப் பார்த்துத் தேடினார். வீரமுத்துவின் மனைவி பரிமளா கிடைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சம்பளத்தில் இருந்தாள். மூன்றாவதை அவர் விசாரிக்கவில்லை.

மனு போட்ட அன்று அவளே அதிகாரி முன்னால் நின்று உறுதிமொழி சொன்னதால் கைநாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாபஸுக்கு அவளைக் கூட்டிப்போனால் அரைநாள் உடைப்பு கெட்டுவிடும் என்று தர்மராஜ் நினைத்தார். பண்ருட்டி வியாபாரிக்கு வெள்ளிக்கிழமை பருப்பு போய்ச் சேர வேண்டும். அதனால் காலையில் கொட்டாய்க்கே தாளைக் கொண்டுபோய், அவள் விரலை மசியில் அழுத்தி வாங்கி வந்திருந்தார். இருபத்தைந்து வருடமாக முந்திரிக் கொட்டாய் நடத்துகிற மனிதர். தன்னிடம் வேலை செய்கிறவர்களின் விரலை அவர் அன்றுவரை பார்த்ததில்லை.

ஜீப் முதலில் வீட்டுக்குப் போனது. போட்டியின்றித் தேர்வானதற்குச் சான்றிதழ் வாங்கச் செல்வம்மாளும் வர வேண்டும். அவள் அரக்குப் பட்டுப் புடவையில் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அங்கிருந்து கொட்டாய்க்கு.

கொட்டாயில் சாப்பாட்டு நேரம். வறுத்த கொட்டையின் புகை கீற்றுக்கு மேல் இன்னும் கலையாமல் நின்றது. பதினெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு மரக்கட்டை, பக்கத்தில் ஒரு குவியல் சாம்பல். கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடு பிளந்து பருப்பு வரும். கூடவே ஓட்டின் எண்ணெயும் கசியும். பட்ட இடம் வெந்து தோல் உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். எத்தனை சாம்பல் தொட்டாலும் விரல் கறுத்து வழவழவென்று ஆகிவிடும். அந்தக் கையோடு சோற்றைத் தொட முடியாது. பூவரசு இலையை மடித்துக் கரண்டி போலப் பிடித்து, கம்பங்கூழும் சுட்ட கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏ தலைவரே, ஒனக்கு ஜீப்பு வந்திருக்கு!" என்று கத்தினாள் ரெங்கம்மாள். மனு போட்ட நாளிலிருந்து அவர்களுக்குப் பரிமளா தலைவர்தான்.

"கூழக் குடிச்சிட்டு வரேன்னு சொல்லுடி. தலைவருன்னா நாலு பேரு காத்துக் கெடக்கத்தான் செய்யணும்," என்றாள் பரிமளா.

பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். தர்மராஜ் இறங்கி வந்ததும் சிரிப்பு நின்றது.

"ஏம்மா, கைநாட்டு சரியா வுழுவலியாம். நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு. கெளம்பு."

"கையக் கழுவிட்டு வரேங்க."

பானையில் அடித்தண்ணீர்தான் இருந்தது. சாம்பலைப் போட்டுத் தேய்த்து, கால் செம்புத் தண்ணீரில் கழுவினாள். எண்ணெய் போகவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பெருங்கொல்லையில் மேல்நிலைத் தொட்டி கட்டி ஆறு வருடம் ஆயிற்று. பைப் வடக்குத் தெரு முழுக்கப் போய், கோயில் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கோயிலுக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்ட நாற்பது குழாய் போதும். அந்த நாற்பது குழாய் இன்னும் வரவில்லை. பரிமளாவோடு கொட்டாய்ப் பெண்கள் எல்லாரும் தெற்குத் தெருதான். அவர்கள் கோயில் குழாயில் வரிசை நின்று ஆளுக்கு இரண்டு குடம் கொண்டுவருவார்கள். குடிக்க ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சரியாகக் கழுவாத கையோடு பரிமளா தன் மகள் சசிகலாவின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டாள். அப்போது பிள்ளைக்கு மூன்று வயது. விடிவதற்குள் கன்னம் கொப்பளித்துவிட்டது. விரல் பட்ட இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு பரிமளா வேலை நாட்களில் பிள்ளையை முகத்தில் தொட்டதில்லை.

ஜீப்பில் முன்னால் தர்மராஜ், பின்னால் செல்வம்மாளும் பரிமளாவும். பட்டுப் புடவையில் பட்டுவிடக் கூடாது என்று பரிமளா இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டாள். வெயில் கொளுத்தியது. இருபுறமும் முந்திரித் தோப்பு, செம்மண் புழுதி.

"சாப்ட்டியாடி?" என்று கேட்டாள் செல்வம்மாள்.

"பாதிக் கூழு குடிச்சேம்மா. நீங்க?"

"எங்க? இந்தப் பட்டு வேற வேர்த்து ஊத்துது. போட்டோ எடுப்பாங்களாம்."

"நல்லாத்தான் இருக்கு. தலைவருன்னா இப்படித்தான் இருக்கணும்."

செல்வம்மாள் சிரித்தாள். "நான் என்னத்தக் கண்டேன் தலைவர? எங்க கையெழுத்துப் போடுன்னு சொல்றாரோ அங்க போடப் போறேன்."

எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு வீரமுத்து வண்டியை ஓரம் கட்டினான். பஸ் போனதும் பரிமளா கேட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. நீங்க தலைவரா வந்தா, கோயில்ல நிக்கிற பைப்ப எங்க தெருவுக்கு இழுத்து வுடுவீங்களா?"

"அத ஏன் என்னயக் கேக்குற? அவரக் கேளு."

"தலைவரு நீங்கதானம்மா?"

செல்வம்மாள் முன்சீட்டைப் பார்த்தாள். தர்மராஜ் திரும்பாமலே, "பாக்கலாம்," என்றார்.

"ஆறு வருசமாப் பாக்குறீங்களே மொதலாளி. இன்னமும் கண்ணுக்குத் தெம்படலியா?"

வீரமுத்து பிரேக்கை அழுத்தினான். எதிரே ஆடு மாடு ஒன்றும் இல்லை. "ஏ புள்ள!" என்றான் கண்ணாடியைப் பார்த்து.

"என்னா புள்ள? நாப்பது குழாய்தானே கேட்டேன். தொட்டியவா கேட்டேன்?"

"வண்டிய ஓட்டுடா," என்றார் தர்மராஜ். டவுன் வரைக்கும் பரிமளா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரைக் கேட்டாயிற்று. தலைவராகப் போகிறவள் அவரைக் கேள் என்கிறாள். அவரோ பார்க்கலாம் என்கிறார். இன்னும் ஐந்து வருடத்துக்கு யாரைப் போய்க் கேட்பது?

ஒன்றிய அலுவலகத்தில் இரண்டேகால். வாசல் பெஞ்சில் கண்ணையனும் தங்கசாமியும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே சோடா பாட்டிலைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணையன் ஆளுங்கட்சி, தங்கசாமி எதிர்க்கட்சி. சட்டமன்றத் தேர்தலில் ஒருவர் போஸ்டரை ஒருவர் கிழித்துப் போலீஸ் வரைக்கும் போனவர்கள். பெருங்கொல்லை வாய்க்கால் பாலம் கட்டும் வேலையைப் பாதிப் பாதியாக எடுத்துத் தருவதாகத் தர்மராஜ் சொல்லியிருந்ததால் இன்று இரண்டு கரைவேட்டியும் ஒரே பெஞ்சில்.

பரிமளா உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நின்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் வேட்பாளர் பரிமளாவா?"

"ஆமாங்க சார்."

"ஒக்காருங்க."

அவள் உட்காரவில்லை. தர்மராஜ் நிற்கும்போது அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. அதிகாரி நாற்காலியைக் காட்டி இன்னொரு முறை, "ஒக்காருங்கம்மா," என்றார். நுனியில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? நீங்க போட்டியிலேர்ந்து விலகிக்கிறீங்கன்னு எழுதியிருக்கு. உங்க சொந்த விருப்பத்துலதான் வாபஸ் வாங்குறீங்களா? யாரும் வற்புறுத்தலியே?"

எல்லாரையும் கேட்கிற கேள்விதான். காலையிலிருந்து முப்பது பேரிடம் கேட்டு முப்பது பேரும் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த தாளை எடுக்கக் கையும் நீட்டிவிட்டார்.

"வாபஸ் வாங்கலன்னா என்னாவுங்க சார்?"

அதிகாரியின் கை நின்றது. "வாங்கலன்னா தேர்தல் நடக்கும். ஊர்ல எல்லாரும் ஓட்டுப் போடுவாங்க. அதிகமா வாங்குறவங்க தலைவர்."

"தெற்குத் தெருவுமா?"

"எல்லாத் தெருவும்தான்."

"அப்ப நான் வாங்கலைங்க. நான் நிக்கிறேன்."

தர்மராஜ் முன்னால் வந்தார். "சார், அவ வெவரம் தெரியாம பேசுறா. ஒரு நிமிசம். பரிமளா, வெளிய வா."

"மூணு வரைக்கும் டைம் இருக்கு. பேசிக்குங்க. ஆனா இங்க, என் கண்ணு முன்னால பேசுங்க," என்றார் அதிகாரி. வாசலில் நின்ற போலீஸ்காரர் இரண்டடி உள்ளே வந்து நின்றுகொண்டார்.

பேச்சு தொடங்கியது. சோடா பாட்டிலோடு உள்ளே வந்த இருவரில் முதலில் கண்ணையன். "ஏம்மா, ஊரு ஒத்துமையா இருக்கு. போட்டின்னு வந்தா பகை வரும். அரிவாள் வரும். அந்தப் பாவம் ஒனக்கெதுக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் வருசா வருசம் போட்டி போடுறீங்க. ஒரே சோடாவத்தானே குடிக்கிறீங்க?"

தங்கசாமி இருமினார். கண்ணையன் பாட்டிலைக் கீழே வைத்தார்.

தர்மராஜ் குரலைத் தாழ்த்தினார். "கோயில்ல சூடம் அணைச்சிருக்கு. ஓம் புருசன் அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கான். ஆத்தாளுக்கு என்னா பதில் சொல்லுவ?"

இந்தக் கேள்வி வீரமுத்துவைத்தான் முதலில் அடித்தது. கதவோரம் நின்றிருந்தவன் வெளிறிப்போனான். "ஆமா புள்ள. நான் சத்தியம் பண்ணியிருக்கேன். வெளையாடாத. நம்ம புள்ளய நெனச்சுப் பாரு."

"அத நெனச்சுத்தான் நிக்கிறேன். ஏய்யா, நீ என்னான்னு சத்தியம் பண்ண?"

"எதுத்து நிக்க மாட்டேன்னு."

"நீ நின்னியா?"

"இல்ல..."

"அப்பறம் என்னா? ஓஞ் சத்தியம் அப்படியேதான் இருக்கு. நான் ஒண்ணும் அணைக்கல. பொம்பளைங்கள யாரு கோயில் வாசல்ல ஒக்கார வெச்சீங்க? இந்த அம்மாவும் வரல, நானும் வரல. ஆத்தாவும் பொம்பளதான், அவளுக்குத் தெரியும்."

அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோப்பு லேசாகக் குலுங்கியது.

"நாளைக்குக் கொட்டாய்ப் பக்கம் காலெடுத்து வெக்கக் கூடாது. ரெண்டு பேரும்," என்றார் தர்மராஜ். இப்போது குரலைத் தாழ்த்தவில்லை.

இதைத்தான் பரிமளா ஜீப்பில் வரும்போதே எதிர்பார்த்தாள். வீரமுத்துவின் டிரைவர் சம்பளமும் அவள் உடைப்புக் கூலியும் சேர்ந்துதான் மூன்று பேருக்குச் சோறு. ஆனாலும் வழியெல்லாம் அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வரலிங்க. ஆனா பண்ருட்டிக்காரருக்கு வெள்ளிக்கெழம பருப்புப் போவணும். நான் வரலன்னா ரெங்கம்மா வர மாட்டா. ரெங்கம்மா வரலன்னா அந்த வரிசையே வராது. வடக்குத் தெருவுலேர்ந்து ஆள் எடுக்கலாம். அவங்க கையி வேவுறதுக்கு ஒத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க. இந்த மனுசனுக்கு என்னா? அரியலூர்ல சுண்ணாம்புக்கல்லு லாரிக்கு டிரைவரு கெடைக்காம தேடுறாங்க."

செல்வம்மாள் சுவரோரம் நின்று, பட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி பரிமளாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று அடித்தது. அதிகாரி வாபஸ் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"பெருங்கொல்லை, ரெண்டு வேட்பாளர். சின்னம் ஒதுக்கிரலாம். செல்வம்மாள், உங்களுக்கு எது வேணும்?" சின்னங்களின் படம் போட்ட அட்டையை மேஜையில் வைத்தார்.

"பூட்டுன்னு சொல்லு," என்றார் தர்மராஜ்.

செல்வம்மாள் அட்டையைக் கையில் எடுத்து மெதுவாக, ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். "எனக்கு ஏணி குடுங்க சார்," என்றாள்.

"பூட்டுன்னுல்ல சொன்னேன்?"

"நிக்கிறது நாந்தானே? இனிமே ஓட்டுக் கேக்கப் போறதும் நாந்தானே?"

பரிமளா கத்தரிக்கோல் வாங்கினாள்.

வெளியே வந்ததும் தர்மராஜ் கையை நீட்டினார். "சாவியக் குடுறா."

வீரமுத்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தான். ஒன்பது வருடம் அந்த ஜீப்பைத் தொட்டுத் துடைத்தவன். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். பரிமளா அவனுக்கு மூன்றடி பின்னால் போனாள்.

தர்மராஜ் சாவியோடு ஜீப்பருகே போனார். ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இறங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது.

"கண்ணையா, ஒனக்கு ஜீப்பு வருமா?"

"நமக்கு டி.வி.எஸ். பிப்டிதாங்க வரும்."

தங்கசாமிக்கு அதுவும் வராது. யாரையாவது பிடித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பிய இருவரும் டீக்கடை வரைக்கும் ஒன்றாகப் போனார்கள். செல்வம்மாள் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பட்டுக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

மூன்றரை மணி டவுன் பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி. வீரமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு விடிஞ்சா எங்க போறது?"

"நாளைக்குத் தெற்குத் தெரு. நாளன்னைக்கு வடக்குத் தெரு. ஓட்டுக் கேக்கப் போவணும்ல? நீயும் கூட வா."

"எனக்கு யாரு கூலி குடுக்குறது?"

"ஜெயிச்சா குழாய்த் தண்ணி. தோத்தா அரியலூரு லாரி."

"இவ்வளவு பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஒங்கப்பன்கிட்ட வேண்டாம்னுருப்பேன்," என்றான். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். "வடக்குத் தெருவுக்குள்ள போயி நீ தனியா நிக்கக் கூடாது. நான் வரேன். ஆனா பேச மாட்டேன்."

"நீ பேச வேண்டாம். நானே பேசிக்கிறேன்."

முன் சீட்டில் இருந்த செல்வம்மாள் திரும்பினாள். பரிமளா எழுந்திருக்கப் போனாள். செல்வம்மாள் கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"நாளன்னைக்கு வர்றப்ப எங்க வூட்டுக்கும் வாடி. நான் எனக்குத்தான் போட்டுக்குவேன், சொல்லிட்டேன். அது போவ இன்னும் நாலு ஓட்டு இருக்கு."

"மொதலாளி உள்ள வுடுவாரா?"

"கொல்லப் பக்கமா வா. வூட்டு ஓட்ட அவருகிட்ட மொத்தமாக் கேக்காத. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா கேளு."